புதுசு வந்தாத்தான் பழசு போவணும்

செய்தி வந்தபோது நான் சிரித்துவிட்டேன்.

பிளஸ் டூ சிறப்பு வகுப்பு முடிந்து பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டு, "ஜெனி, சித்தி நம்மள விட்டுட்டுப் போயிட்டா. ஒடனே வீட்டுக்கு வா" என்றார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சித்தியின் போனில் அவருடைய முதலாளி அண்ணாச்சியின் எண்ணை 'கலெக்டர் ஆபீஸ்' என்று மாற்றி வைத்திருந்தேன். அண்ணாச்சி ஏதோ சாவி எங்கே என்று கேட்கக் கூப்பிட, சித்தி சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து நின்று, எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்து, "ஒனக்கு இருக்குளா" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'இருக்கு' இதுதான் என்று நினைத்தேன். "நடிப்பு பத்தாதும்மா, போனச் சித்திகிட்டக் குடுங்க" என்றேன். அம்மா அழுதார். அந்த அழுகை நடித்து வராது.

எரிச்சல் அங்கே தொடங்கியது. இன்னும் தீரவில்லை. மாரடைப்பு என்றார்கள். காலையில் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்த மனுஷி எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தவர், தன் உயிரை ஒரே ஒரு பிரதியாக வைத்திருந்திருக்கிறார்.

பெல்சி சித்தி என் அம்மாவின் தங்கை. புன்னைக்காயலில் பிறந்தவர். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் அண்ணாச்சி கடையில் வேலை பார்த்தார். விசைப்படகுகளுக்கு வேண்டிய ஜிபிஎஸ், வயர்லெஸ், மீன் காட்டும் கருவி எல்லாம் விற்றுப் பழுது பார்க்கும் கடை அது. அங்கே இருந்த சர்வரும் அதன் பேக்கப் பெட்டியும் சித்தியின் பொறுப்பு. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நினைவு மலர் போடுகிறோம், நீதான் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். கேலி வேண்டாம், மரியாதையாக எழுது என்றும் சொன்னார். மரியாதையை 'ஆர்' விகுதியில் வைத்திருக்கிறேன். மற்றதற்குச் சித்திதான் பொறுப்பு.

சித்திக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று துக்கவீட்டில்கூடக் கேட்டார்கள். முதல் தடையே அந்தச் சர்வர்தான். பெரியதாழையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்களாம். "பொண்ணுக்கு என்ன வேலை?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டிருக்கிறார். என் அம்மா பெருமையாக, "சர்வரப் பாத்துக்கிடுதா" என்றிருக்கிறார்.

"எந்த ஓட்டல் சர்வர?"

அப்போதே சித்தி பொறுமையாக விளக்கியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சித்தி காபித் தட்டை வைத்துவிட்டு, "கடையில இருக்கவரு. தெனமும் ராத்திரி அவரு திங்கதெல்லாம் நாந்தான் எடுத்து வைக்கேன். வயிறு ரொம்பிட்டுன்னா பழசக் கழிக்கதும் நாந்தான்" என்றாராம். அந்த வீட்டார் அன்றைக்குப் போன பஸ்ஸில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். "உண்மையத்தானக்கா சொன்னேன்" என்று சித்தி கடைசிவரை சாதித்தார்.

உண்மைதான். அந்தச் சர்வருக்குள் என்ன இருந்தது என்பதை இந்தக் கரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. ஒரு காலத்தில் முத்துக் குளித்த இடங்கள். (வேறு பாருக்குப் போகிறவர்களும் ஊரில் உண்டு, அதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை.) எந்தப் பாரில் வலை கிழியும், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் மீன் நிற்கும், உடைந்த கப்பல் எங்கே கிடக்கிறது என்பதை ஒவ்வொரு படகு டிரைவரும் தன் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருப்பார். அதற்குப் பெயர் பாயிண்டு. கூடப் பிறந்தவனுக்குக்கூடக் காட்டமாட்டார்கள். கருவி உப்புக் காற்றில் கெட்டால் பாயிண்டும் போய்விடும் என்பதால், அண்ணாச்சி கடை சர்வரில் அவரவர் பெயரில் பூட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைத் தினமும் நகலெடுத்து பேக்கப் பெட்டியில் போடுவதும், பெட்டி நிறைந்தால் பழைய நகல்களைக் கழிப்பதும் சித்தியின் வேலை.

வம்பு என்னவென்றால், பேக்கப் மென்பொருளும் ஒவ்வொரு நகலையும் 'ரீஸ்டோர் பாயிண்ட்' என்றுதான் சொல்லும். சித்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கடை வாசல் பலகையில் எழுதிப் போட்டார்: 'டிஸ்க் நிறைந்துவிட்டது. பழைய பாயிண்டுகள் இன்று மாலை அழிக்கப்படும்.'

ஏதோ சர்வர் மெதுவாக ஓடும் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் நல்ல எண்ணம். அரை மணி நேரத்தில் துறைமுகமே கடை வாசலில் நின்றது. முன்னால் நின்றவர் அருளப்பன் டிரைவர்.

"யக்கா, எங்கய்யா காலத்துப் பாயிண்டு அது! யாரக் கேட்டு அழிக்கீய?"

"ஒம் பாயிண்டு இல்லல, அருளு. இது என் பாயிண்டு."

"ஒங்களுக்கு ஏதுக்கா பாயிண்டு? நீங்க எந்தக் கடலுக்குப் போனீய?"

"இந்த டிஸ்க்குங்குத கடல்லதாம்ல தெனமும் முங்கிக்கிட்டுக் கெடக்கேன்! ஒம் பாயிண்டத் தெனமும் ஒரு போட்டோ புடிச்சி வைக்கேன்னு நெனச்சுக்கோ. முப்பது போட்டோ இருக்கு. அதுல பழச ஒண்ணக் கிழிச்சா நீ என்ன செத்தா போயிருவ?"

அருளப்பன் மாமா யோசித்துவிட்டு, "போட்டோவக் கிழிக்கது நல்லதில்லல்லாக்கா" என்றார். கூட்டம் அதை ஆமோதித்தது. சித்தி பலகையை அழித்தார். அதற்குப் பிறகு கடையில் நகலுக்கு 'போட்டோ' என்றே பெயர். கம்பெனிக்காரர்கள் பழுது பார்க்க வந்தால், "போட்டோ எல்லாம் நல்லா விழுதா?" என்று அண்ணாச்சி கேட்பார். அவர்கள் கேமராவைத் தேடுவார்கள்.

வீட்டிலும் சித்தி சும்மா இருந்ததில்லை. எங்கள் போனில் ஒரு படம் அழிக்க வேண்டுமென்றால், "வேணுமா வேண்டாமா? நல்லா யோசிச்சியா? நாளைக்கி அழுவப்படாது" என்று மூன்று கட்ட விசாரணை. ஆனால் என் மானம் சம்பந்தப்பட்டதை அழிக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது. நான் சின்னவளாக இருந்தபோது கோயில் திருவிழா நாடகத்தில் சம்மனசு, அதாவது தேவதூதன் வேஷம் போட்டேன். பறப்பதுபோல் திரும்பியதில் என் இறக்கை சீரியல் பல்பு வயரில் மாட்டியது. நான் இழுக்க, வயர் இழுக்க, மேடை அலங்காரம் பாதி என்னோடு வந்து, கடைசியில் ஏரோது ராஜாவின் தலையில் இறங்கியது. சித்தி அதைப் போனில் எடுத்திருக்கிறார். எடுத்தார் என்று சொல்வது தவறு. சிரித்துக் குலுங்கியதில் படத்தில் பாதி பந்தல் ஓலையும் பக்கத்து அக்காவின் கொண்டையும்தான் தெரியும். சத்தம் மட்டும் முழுக்கச் சித்தியின் சிரிப்பு. மூச்சு வாங்கி, விக்கி, "யம்மா, சம்மனசு விழுந்துட்டு, யம்மா" என்று முடியும்.

அது அண்ணாச்சியின் அனுமதியோடு சர்வரில் சித்தி வைத்திருந்த சொந்தப் பகுதியில், குடும்பப் படங்களோடு, பத்திரமாக இருந்தது. அதற்கும் தினமும் நகல். நான் ஏதாவது குறும்பு செய்தால், "இறக்கைய எடுக்கட்டுமா?" என்பார். உறவினர் கல்யாணம் ஒன்றில் டிவியில் போட்டே காட்டினார். "அத அழிச்சித் தொலைங்க சித்தி" என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. "இடம் இருக்குளா, கெடக்கட்டும்" என்பதே பதில்.

இனி ரிடென்ஷனுக்கு வருகிறேன். பழைய நகலை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று பெட்டிக்குச் சொல்லும் அமைப்புக்கு அதுதான் பெயர். அதில் முக்கால்வாசி டென்ஷன் என்பது பெயரைப் பார்த்தாலே தெரியும். சித்தி முதலில் அதை நாள் கணக்கில் வைத்திருந்தார். முப்பது நாள் ஆன நகல் தானாகப் போய்விடும்.

எங்கள் கரையில் வருஷத்துக்கு இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் சமயம் என்று விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். படகு போகாவிட்டால் கடைக்கு வேலையில்லை. அண்ணாச்சி சர்வரையும் பெட்டியையும் அணைத்துவிடுவார். சித்தியின் முதல் தடைக்காலம் முடிந்து பெட்டியைப் போட்டார்கள். பெட்டி தூங்கி எழுந்து தேதியைப் பார்த்தது. உள்ளே இருந்த எல்லாமே முப்பது நாளைத் தாண்டியவை. ஒன்றுவிடாமல் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிட்டது. எங்கள் ஊரில் கடலுக்கு லீவு விடுவார்கள் என்று மென்பொருள் எழுதினவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

சர்வர் நன்றாக இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சித்தி அன்று சாப்பிடவில்லை. சாப்பிட்ட எங்களையும் நிம்மதியாக விடவில்லை.

"கடலே லீவு எடுக்கு, மீனு லீவு எடுக்கு, இந்தப் பெட்டிக்கு மட்டும் நாளு ஓடிக்கிட்டே இருக்கு! புதுசா ஒண்ணும் வரலயே, அப்ப பழச எதுக்கு அள்ளி எறியுத? புதுசு வந்தாத்தான் பழசு போவணும்!"

மறுநாளே எண்ணிக்கைக் கணக்குக்கு மாற்றிவிட்டார். எத்தனை நாள் ஆனாலும் சரி, முப்பது நகல் இருக்கும். புதிதாக ஒன்று வந்தால்தான் பழையதில் ஒன்று போகும். புதிதாக எதுவும் வராவிட்டால் பழையது அப்படியே கிடக்கும். இந்தச் சட்டம் பெட்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஃபிரிட்ஜுக்கும் வந்துவிட்டது.

"பெல்சி, முந்தாநாத்து மீன்கொழம்பக் கொட்டட்டுமா?" என்று அம்மா கேட்பார்.

"புதுக்கொழம்பு வச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கெடக்கட்டும்."

இந்த வருஷம் வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அண்ணாச்சி கடையில் கேமரா மாட்டி அதன் பதிவையும் அதே சர்வரில் போட்டார். நகல் ஒவ்வொன்றும் ஊதிப்போனது. எண்ணிக்கைக் கணக்கில் முப்பது நகல் கட்டாயம் இருக்க வேண்டும். நாள் கணக்கென்றால் ஞாயிறும் திருநாளும் கழிந்து குறைவாகத்தான் சேரும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பெட்டி தினமும் அண்ணாச்சிக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. தடைக்காலத்துக்குக் கடையைச் சாத்துவதற்கு முன்பு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தாயி, அத அந்த நாள் கணக்குக்கே மாத்தி விட்ருங்க. தெனமும் டிஸ்க் ஃபுல்லு, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. எனக்குப் பிரஷரு ஃபுல்லாவுது."

"புது டிஸ்க் வாங்குங்க அண்ணாச்சி."

"சீசன் தொடங்கட்டும், பாப்போம்."

"சீசன் தொடங்கையில எல்லாப் போட்டோவும் போயிருக்கும்."

"அதான் சர்வர்ல இருக்குல்லா?"

"சர்வரு படுத்துட்டுன்னா?"

"ஏந்தாயி வாயில நல்லதே வராதா?"

சித்தி, "சரி, பாக்கேன்" என்றார்.

எங்கள் வீட்டில் அதற்கு 'செத்தாலும் செய்யமாட்டேன்' என்று பொருள். அண்ணாச்சிக்கு அந்த அகராதி தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு பெட்டியிலிருந்து புகார் வருவது நின்றுவிட்டது. டிஸ்க்கில் இடம் வந்திருக்கிறது. இடம் வந்ததென்றால் நாள் கணக்குக்கு மாற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம்? எனக்கே சந்தேகம் வந்தது. கேட்டேன். "ஒன் வேலையப் பாருளா" என்றார். பெட்டியை அணைத்தார்கள், கடையைச் சாத்தினார்கள், தடைக்காலம் நடந்துகொண்டிருக்கும்போதே சித்தி போய்விட்டார்.

தடைக்காலம் முடியப்போகிற வாரத்தில் அண்ணாச்சி சர்வரைப் போட்டார். அது ஒருமுறை கரகரவென்று தொண்டையைச் செருமிவிட்டு அடங்கியது. உப்புக் காற்று உள்ளே தின்றுவிட்டது என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னார். அதே நாளில் அருளப்பன் மாமா புது ஜிபிஎஸ் கருவியோடு வந்து நின்றார். கட்டிக் கிடந்த படகில் அவருடைய பழைய கருவியும் செத்துப்போயிருந்தது. புதியது பிறந்த குழந்தைபோல ஒன்றுமே தெரியாமல் இருந்தது.

மிச்சம் இருந்தது பேக்கப் பெட்டி மட்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாமென்றால், சித்தி போட்ட பூட்டு அந்தப் பெட்டி வழியாக மட்டும்தான் திறக்கும். பெட்டியை எழுப்பினாலோ, எழுந்தவுடன் அது முதலில் கையில் எடுப்பது துடைப்பத்தை. நாள் கணக்கில் இருந்தால் எல்லாம் போய்விடும்.

அன்று மதியம் சித்தியின் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் செருப்பையும் எடுத்துவர நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம். பெட்டிக்கு முன்னால் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தான தாயி மாத்தச் சொன்னேன்" என்றார் அம்மாவிடம். "சரின்னுதான் சொன்னாவ."

அருளப்பன் மாமா கருவியை மடியில் வைத்திருந்தார். "எங்கய்யா ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வலையக் குடுத்து வாங்குன பாயிண்டு, அண்ணாச்சி. அவரும் இல்ல, திருப்பிக் கேக்க. இனி நான் ஒவ்வொரு வலையாக் குடுக்கணும்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அருளப்பன் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். நான் மனதுக்குள் சித்தியைத் திட்டினேன். அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். பெட்டி உறுமியது. திரையில், பழைய நகல்களைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு வரி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வரி: அழிக்க வேண்டியவை எதுவும் இல்லை.

"எதுவும் இல்லன்னு வருதே!" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். "எல்லாம் போச்சுங்குதா, எல்லாம் இருக்குங்குதா?"

"பிள்ள, நீ படிச்சுச் சொல்லு" என்றார் அருளப்பன் மாமா.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். முப்பது நகலும் வரிசையாக இருந்தன. அமைப்பைத் திறந்தேன். எண்ணிக்கைக் கணக்கு. மனுஷி மாற்றவே இல்லை. 'சரி, பாக்கேன்' என்றால் எங்கள் அகராதியில் என்ன பொருளோ அதேதான் பொருள்.

கொஞ்ச நேரத்தில் புதுக் கருவியின் திரையில் புள்ளி புள்ளியாக அருளப்பன் மாமாவின் தகப்பனார் வந்து இறங்கினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, அண்ணாச்சிக்குத் தெரியாதபடி திரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப எடம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

எனக்கும் அதுதான் கேள்வி. தேடினேன். சித்தியின் சொந்தப் பகுதி காலியாக இருந்தது. புன்னைக்காயல் படங்கள், அவர் படித்த காலத்துப் படங்கள், எங்கள் வீட்டுக் கல்யாணங்கள், எல்லாம் போயிருந்தன. சர்வரிலிருந்து மட்டுமல்ல, முப்பது நகலிலிருந்தும் ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து வழித்து எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அவருடைய போனைப் பார்த்தேன். அது பிறகு வாங்கிய போன், அதிலும் இல்லை. அண்ணாச்சி புது டிஸ்க் வாங்கும்வரை எல்லோருடைய பாயிண்டும் இருக்க வேண்டும் என்று தன்னுடையதை எல்லாம் கழித்திருக்கிறார்.

இறக்கையும் போய்விட்டது. அந்தச் சிரிப்பும்.

எத்தனை வருஷம் கெஞ்சினேன், அழித்துத் தொலையுங்கள் என்று. என் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதைப் போய்க் கேட்டிருக்கிறார். எனக்குச் செய்த பதிலடிகளிலேயே இதுதான் பெரியது. பதிலடி என்று தனக்கே தெரியாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார். திருப்பிக் கொடுக்கலாமென்றால் ஆளில்லை.

கடல் திறந்த முதல் நாள் விடியலில் படகுகள் போயின. அருளப்பன் மாமா மறுநாள் மீனோடு வீட்டுக்கு வந்தார். வலையில் ஒரு கிழிசலும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பெரிய கல்லு வார எடத்துல தண்ணிதான்க்கா தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. திரையப் பாத்து ஒதுக்கினேன். ஒதுக்கையில 'பெல்சிக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். கூட வந்த பயலுவ, யாருக்கு அண்ணேன்னு கேக்கானுவ."

அண்ணாச்சி புது டிஸ்க் வாங்கிவிட்டார். பெரியது. அதில் சித்தியின் பெயரில் ஒரு பகுதியை அப்படியே வைத்திருக்கிறார். காலியாகத்தான் இருக்கிறது. இந்த மலரின் நகல் அதில்தான் முதலில் போகும் என்றார்.

இன்று முப்பதாம் நாள். பூசை முடிந்து வரும்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என் தலையைத் தடவி, "முப்பது நாள் ஆயிட்டு. இனி அழப்படாது, பிள்ள. மனசுலேருந்து எறக்கி வச்சிரணும்" என்றார்கள். அவர்கள் நாள் கணக்கில் பேசுகிறார்கள். சித்தி, நீங்கள் எங்களை வளர்த்தது எண்ணிக்கைக் கணக்கில். புதுசு வந்தால்தான் பழசு போக வேண்டும். உங்களைப்போல எரிச்சலூட்டப் புதிதாக ஒருவர் வரட்டும், அப்போது யோசிக்கலாம். அதுவரை கிடந்துகொள்ளுங்கள், இடம் இருக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு நான் பணிவாகத்தான் பதில் சொன்னேன்.

"சரி, பாக்கேன்."